உள்ளே கரட், வெளியே கரட்

சரக்கு ஸ்டோர் நடத்துகிறவர்களுக்கு இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான்: சாமான் ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டுகிறவர்கள், சாமான் ஏன் அதற்குள் வந்தது என்று திட்டுகிறவர்கள். நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வதற்காக யாரும் போன் எடுத்ததாக இந்தத் தொழிலில் சரித்திரம் கிடையாது. ஒரு லொறியை ஏற்றி அனுப்பிவிட்டு, போன் மணி அடிக்கும்போதெல்லாம் யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

எங்கள் ஸ்டோர் பெரகலச் சந்தியில் இருக்கிறது. அப்புத்தளை ரோடும் கொஸ்லந்தை ரோடும் கொழும்பு ரோடும் முட்டிக்கொள்ளும் இடம். சுற்றுவட்டாரத்திலிருந்து கரட், போஞ்சி, லீக்ஸ், பட்டர்புரூட், மிளகு, தேயிலை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நாங்கள் கழுவி, தரம் பிரித்து, நிறுத்து, பையில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, யாருக்கு எது எந்த நாளில் வேண்டுமோ அப்படி அடுக்கி அனுப்புவோம். நான் அங்கே பொறுப்பாளர். என்னோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள். வேலையில் சூரிகள், வாயில் அதைவிட.

முதலாளி கேட்ட கேள்வி

எங்கள் முதலாளி பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். சீமெந்து, ஆணி, தகரம் என்று, வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும் பொருட்களோடு வாழ்ந்து பழகியவர். அழுகுகிற சாமானைக் கண்டாலே அவருக்கு உடம்பு கூசும். ஒருநாள் வந்து ஸ்டோருக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகுகிறதோ என்று நானும் கூடவே அண்ணாந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. மனிதர் பூ அலங்காரத்தை எங்கே தொங்கவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். பண்டாரவளையில் மண்டபம் தேடி அலைந்ததில், மண்டபம் வைத்திருக்கிறவன்தான் ராஜா என்று அவருக்கு ஞானம் பிறந்திருந்தது. எங்கள் ஸ்டோருக்கோ உயரமான கூரை, லொறி திரும்புகிற அளவுக்கு முற்றம், ஜன்னலைத் திறந்தால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். கல்யாணத்தில் அழுகிப்போக எதுவுமே இல்லை என்றார். வீட்டில் தன் சம்சாரத்தைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

நானும் விடாமல் விளக்கினேன். மண்ணோடு சாக்கில் போகிற கரட் சந்தையில் யார் காலிலோ மிதிபடும், அதே கரட்டைக் கழுவி, ஒரே அளவாகப் பொறுக்கி, பையில் போட்டால் கொழும்பில் கண்ணாடிக்குள் குளிரில் உட்காரும், அந்த வித்தியாசம்தான் நம் சம்பாத்தியம் என்றேன். அடுத்தவர் வியாதியைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு தவணை தந்தார். தைக்குள் வருஷ ஒப்பந்தம் போடுகிற ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தால் ஸ்டோர், இல்லாவிட்டால் மண்டபம். தை பிறந்தால் எல்லோருக்கும் வழி பிறக்கும், எங்கள் முதலாளிக்கு முகூர்த்தம் பிறக்கும். மண்டபம் வந்தால் எங்கள் பெண்களுக்கு மறுபடியும் மலை, அல்லது கொழும்பில் யார் வீட்டு அடுப்படியோ. எனக்கு மட்டும் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலை உண்டு என்று பெருந்தன்மையோடு சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்திலிருந்த முட்டைக்கோவாவைத் தூக்கி எறிந்திருப்பேன், அது நல்ல தரமாக இருந்ததால் விட்டுவிட்டேன். படியிறங்கியவர் திரும்பி நின்று ஒன்று கேட்டார்:

“உள்ள போறப்பவும் கரட்டு, வெளிய வர்றப்பவும் கரட்டு. நடுவுல நீங்கள்லாம் என்னதாம்மா பண்றீங்க?”

தராசின் மேல் சந்தேகம்

அந்தப் பெரிய வாடிக்கையாளர் வருவது போலத் தெரிந்தது. கொழும்பில் பல கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, பரிசுப் பெட்டியில் வைக்கிற சின்னத் தேயிலைப் பைக்கட்டுகளைப் போட்டுத் தரச் சொல்லி எங்களைச் சோதித்துப் பார்த்தது. அவர்களுடைய தரம் பார்க்கிற அதிகாரி ஞானசேகரம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் பயம் அதிகம். முதல் தொகுதி போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. ஒரு பெட்டியும் மூடவில்லையாம். உள்ளே இருக்கிற பைக்கட்டு ஒவ்வொன்றும் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறதாம். நிறை குறைந்தது என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், கூடிப்போனது என்று எழுதுவது இதுதான் முதல் தடவை என்றார். அவர் குரலில் கோபத்தை விடக் குழப்பம்தான் இருந்தது.

பெண்களைக் கூட்டி விசாரித்தேன். யாரும் கைதவறிப் போடவில்லை. எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணி, தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள். அவர்கள் அறிந்த, கொழுந்து நிறுக்கிற தோட்டத் தராசில் கூடைக்கென்று கழிப்பார்கள், சாக்குக்கென்று கழிப்பார்கள், மழை நாளில் தண்ணீருக்கென்று இன்னொரு கழிவு. எப்படியும் கொழும்பில் கழிக்கத்தானே போகிறார்கள் என்று, கழிவுக்கும் சேர்த்து ஒரு பிடி கூடப் போட்டுவிட்டார்கள். இந்த யோசனைக்குத் தலைமை தாங்கியவர் மாரியாயி அக்கா. பூனாகலையில் பிறந்து, எங்கள் பக்கத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். கோபம் வந்தால் என்னை ‘மிஸ்’ என்பார், பிரியம் வந்தால் ‘புள்ள’ என்பார். அன்றைக்கு மிஸ்தான்.

நான் ஒன்றும் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. வெறும் பையை எங்கள் தராசில் வைத்து, ஒரு பொத்தானை அமுக்கினேன். எண் பூச்சியத்துக்கு வந்து நின்றது. பை போக உள்ளே இருக்கிற தேயிலையை மட்டும்தான் இனி அது நிறுக்கும் என்றேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கூடையைக் கண்ணுக்கு முன்னால், கூடை எவ்வளவோ அவ்வளவு மட்டும் கழிக்கிற தராசை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு ஒருத்தி சோற்றுப் பெட்டியை வைத்துப் பார்த்தாள், ஒருத்தி செருப்பை வைத்துப் பார்த்தாள். அன்று பகல் முழுக்க வேலை நடக்கவில்லை, தராசுக்குத்தான் வேலை. மறுநாளிலிருந்து ஒரு பைக்கட்டிலும் ஓர் இலை கூடவில்லை, குறையவில்லை. மாரியாயி அக்கா மட்டும் அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இந்தப் பொத்தான் மட்டும் அன்னைக்கே மலையில இருந்திருந்தா, நான் இன்னேரம் மாடி வூட்டுல குந்தியிருப்பேன் மிஸ்.”

அஞ்சாம் நம்பர் மலை

லொறி ஏற்றுவது அடுக்குப் பானைக் கதைதான். கடைசியாக இறக்க வேண்டியது முதலில் உள்ளே போக வேண்டும், முதலில் இறக்க வேண்டியது கதவோரம் நிற்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எது முதலில் கட்டி முடிகிறதோ அதை முதலில் ஏற்றிவிடுகிற அவசரம் இருக்கிறதே, அது தெரிந்ததையெல்லாம் மறக்கடித்துவிடும். எங்கள் ட்ரைவர் சுனில் பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களவர், தோட்டத் தமிழ் எங்களை விட நன்றாகப் பேசுவார். கொழும்பில், உள்ளே மாட்டிக்கொண்ட வெள்ளவத்தைக் கடையின் பெட்டிகளை எடுப்பதற்காக அவர் பாதி லொறிச் சாமானைக் காலிக்குப் போகிற மெயின் ரோட்டில் இறக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது. பின்னால் பஸ்கள், பஸ்களுக்குப் பின்னால் பொலிஸ். அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தார். அன்றைக்கு அவர் தமிழை விட்டுச் சிங்களத்துக்குப் போய்விட்டார். அதை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை.

மறுநாள் மாரியாயி அக்கா பெட்டிகளுக்குப் பெரட்டு வைத்தார். தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், இன்னார் இன்ன நம்பர் மலைக்கு என்று கங்காணி பிரித்து அனுப்புவார். அதே மாதிரி ஒவ்வொரு கடைக்கும் ஒரு மலை நம்பர் கொடுத்து, பெட்டிகளில் சாக்கட்டியால் எழுதி, முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். கவிழ்த்து வைத்த ஒரு கூடையின் மேல் ஏறி நின்று, எந்த மலை முதலில் லொறிக்குள் போக வேண்டும் என்று கூப்பிட்டார். வாழ்நாள் முழுக்கப் பெரட்டில் நின்றவர், பெரட்டு எடுத்தது அன்றைக்குத்தான். அந்தக் குரலில், தன்னை விரட்டிய கங்காணிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில் இருந்தது. லொறி ஏற்ற எடுக்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. ஏற்றின ஒழுங்கு பிறகு ஒருநாளும் பிசகவில்லை.

சுனிலுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. கடைகளின் பெயரையே மறந்துவிட்டார். மூன்றாம் நம்பர் மலை இறக்கிவிட்டேன், நாலாம் நம்பரில் மழை என்று கொழும்பிலிருந்து தகவல் வரும். ஒருநாள் வெள்ளவத்தைக் கடை மனேஜர் நேரடியாக எனக்குப் போன் எடுத்தார். வழக்கமான திட்டு என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். சாமான் எல்லாம் சரிதானாம், ஒரு சந்தேகம் மட்டும்தானாம்:

“உங்கட ட்ரைவர் வந்து அஞ்சாம் நம்பர் மலை இதுதானே எண்டு கேக்கிறார். பின்பக்கம் போய் நிண்டா எனக்குக் கடல் தெரியுது தங்கச்சி, என்ர கடை எப்ப மலையானது?”

பழத்துக்கு லீவு

எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் பட்டர்புரூட், அதாவது அவகாடோ, அனுப்புகிறோம். பட்டர்புரூட்டின் குணம் உங்களுக்குத் தெரியும்: நேற்றுக் கல்லு, நாளைக்குக் கூழு, நடுவில் நாம் தூங்கும் நேரம் பார்த்துப் பழுக்கும். அதனால் காயைத் தொட்டும் ஆட்டியும் பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் அது பழுக்கிற கிழமையை ஒட்டி அனுப்பத் தொடங்கினோம். திங்கள் என்று ஒட்டியதைத் திங்கட்கிழமை வெட்டினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஹோட்டல் சமையல்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் சோதித்தார், அப்புறம் அந்த ஸ்டிக்கர் இல்லாமல் அவருக்குக் கை ஓடவில்லை. வருஷ ஒப்பந்தம் போடுகிற அளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை, ஆனால் எங்களை மதித்தார். அதுவும் அளவுக்கு மிஞ்சி மதித்தார். ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்கு முந்தின நாள் போன் வந்தது:

“நாளைக்கு இங்க விருந்து கேன்சல் ஆயிருச்சு மிஸ். அந்தப் பழத்துக்கிட்ட சொல்லி, ஒரு நாள் தள்ளிப் பழுக்கச் சொல்றீங்களா?”

பெட்டிச் சண்டை

கார்த்திகை கடைசியில் ஞானசேகரம் சேர் நேரில் வந்தார். கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, கடைகளில் வைக்கிற பரிசுப் பெட்டிகள் எல்லாவற்றையும் எங்களையே கட்டச் சொன்னார். தேயிலை, மிளகு, கராம்பு, கித்துள் மரத்துப் பாணிப் போத்தல் எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ரிப்பன் கட்டி, சொன்ன நாளில் சொன்ன கடையில் இருக்க வேண்டும். நத்தார் முடிந்தபிறகு வந்தால் அது பரிசுப் பெட்டி இல்லை, வெறும் பெட்டி. இது சரியாக வந்தால் வருஷ ஒப்பந்தம், வராவிட்டால் இத்தோடு சரி என்றார். எனக்குக் கண்ணுக்குள் மண்டபமும் பன்னீர்ச் செம்பும் வந்து போயின.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பரிசுப் பெட்டிகளை அடுக்கி அனுப்புகிற வெளிப்பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். அட்டை மிச்சம், நேரம் மிச்சம். நானும் தலையாட்டினேன். பெண்கள் ஆட்டவில்லை. பெரிய பெட்டியை இரண்டு பேர் தூக்க வேண்டும், எங்கள் முற்றமோ சரிவு, சரிவில் இரண்டு பேர் தூக்கினால் பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவள் தலையில்தான் இறங்கும் என்றார்கள். தோட்டத்தில் யார் கூடை யார் முதுகில் என்பதில் வழக்கே வராது. ஓராள் சுமை என்றால் ஓராள் சுமை. நான் கெஞ்சினேன், அதட்டினேன், பிறகு மறுபடியும் கெஞ்சினேன். கடைசியில் மாரியாயி அக்கா, சேரும் மிஸ்ஸும் ஒரு பெரிய பெட்டியைக் கேட்டிலிருந்து மேலே கொண்டுவந்து காட்டட்டும் என்றார். கொண்டு போனோம். நான் குள்ளம், அவர் நெடுவல், அவர் முன்னால் ஏறினார். பாதி வழியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு பேரும் காட்சி பார்ப்பது போல் சமவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சு வந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

“சரி பிள்ளை, சின்னப் பெட்டியே இருக்கட்டும். நான் தூக்கினதை மட்டும் ஒபிஸில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

மலையைப் பார்த்தவள்

அனுப்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் முழுக்க மழை. விடிந்து லொறி புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சுனில் போன் எடுத்தார். கீழே ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. மெசின் வந்து மண்ணை அள்ளி முடிக்க அடுத்த நாளாகும் என்கிறார்கள். நுவரெலியாப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்றால் அங்கேயும் ரோடு அடைப்பு. நான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து முதலாளியின் போனுக்குக் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அங்கே மழை விட்டிருந்தது. ரோட்டின் வெளி ஓரத்தில் ஒற்றையடிப் பாதை அளவுக்கு மண் மூடாமல் இருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் நின்று, பஸ்ஸில் வந்தவர்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டு, அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏற அனுப்பிக்கொண்டிருந்தார். மாரியாயி அக்கா அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மனுஷர் இறங்கி நடந்து பஸ் மாறலாம் என்றால் பெட்டி மாறக் கூடாதா? எல்லாம் ஓராள் சுமை. சுனில் பலாங்கொடையில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டு, வெறும் லொறியோடு அந்தப் பக்கம் வரச் சொன்னார். பொலிஸ்காரரும், நெருக்கி நிற்காமல் ஆளுக்கு ஆள் இடம் விட்டு வரிசையாக நின்று கைமாற்றினால் சரி என்றார்.

ஆனால் எல்லோரும் சரோஜாவைத்தான் பார்த்தோம். சரோஜா, மண்சரிவில் லயங்களோடு புதைந்துபோன மீரியபெத்தையில் இருந்தவள். இப்போது புது வீட்டில் இருக்கிறாள். யார் யாரை இழந்தாள் என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மழை பிடித்தால் ஸ்டோரின் பின்பக்கத்து மண்ணை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே எல்லோரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஒப்பந்தமாவது மண்ணாவது. அவள் போய், சரிவுக்கு எதிரே தள்ளி நின்று வெகுநேரம் மேலே பார்த்தாள். பொலிஸ்காரரிடம் என்னவோ கேட்டாள். திரும்பி வந்து, தான் கையைத் தூக்கினால் எல்லோரும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், பெட்டியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கினாள். நீயும் வரிசையில் நிற்கிறாயா என்று நான் கேட்டேன். அவள் மறுபடியும் சரிவுக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தே சொன்னாள்:

“நீங்க பொட்டியப் பாருங்க மிஸ். நான் மலையப் பாக்குறேன்.”

டீவியில் பார்த்தவர்

அப்படித்தான் பரிசுப் பெட்டிகள் அந்த மண்ணைக் கடந்தன. ரிப்பன் நலுங்காமல், கைமாறிக் கைமாறிப் போயின. வரிசை எட்டவில்லை என்று கண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சிலரும் வந்து நின்றார்கள். காவி உடுத்திய ஒரு ஹாமதுரு தன் குடையை மடித்து வைத்துவிட்டு, வரிசையை ஒழுங்குபடுத்தினார். மாரியாயி அக்கா ஒன்றாம் மலை, இரண்டாம் மலை என்று ஒழுங்கு தவறாமல் கூப்பிட்டார். கடைசிப் பெட்டி வரைக்கும் சரோஜா கண்ணை இறக்கவில்லை, கையையும் தூக்கவில்லை. மச்சானுடைய லொறி திரும்பிப் புறப்பட்டபோது பகல் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. சரோஜா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் யாரையும் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அழுகையாக அது இல்லை.

அன்று ஞானசேகரம் சேருக்கு நான் போன் எடுக்கவில்லை. போன் எடுத்தால் பெருமையில் ஏதாவது உளறிவிடுவேன் என்று பயம். அவரும் எடுக்கவில்லை. எங்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தாராம். மாலையில் லொறி போய் அவர் வாசலில் நின்றபோதுதான் எடுத்தார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்திருந்தது:

“ரோட்டு மூடிப்போச்செண்டு டீவியில காட்டினவங்கள். நீங்கள் அங்க டீவி பாக்கிறேல்லையோ?”

தை பிறந்தது

வருஷ ஒப்பந்தம் மார்கழி முடிவதற்குள் வந்துவிட்டது. முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருந்தால் பன்னீரையும் சேர்த்துத்தான் பேசியிருப்பேன். அடுத்த வாரம் ஒரு வேன் நிறையத் தேங்காய், பாக்கு, வெற்றிலை, குங்குமம், சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணம் என்று கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை. வீட்டில் பெண்களை வைத்துப் போட்டுப் பார்த்ததில், ஒரு பையில் இரண்டு தேங்காயும் அடுத்த பையில் வெறும் காற்றுமாக இருந்ததாம். எங்களைக் கேட்க அவருக்கு வெட்கம். அதனால் கேட்கவில்லை, இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

மாரியாயி அக்கா கூடையின் மேல் ஏறினார். மாப்பிள்ளை வீட்டு பஸ்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை நம்பர் விழுந்தது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் பை கொடுக்கிற இடத்தில் வழக்கமாக நடக்கிற யுத்தம் நடக்கவே இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்தந்த பஸ்ஸுக்குரிய பைகள் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருந்தன. கூடவில்லை, குறையவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் மட்டும் இரண்டாவது பை கேட்டுப் பார்த்தார். அவரையும் சமாளித்தோம், அந்த விதமான பெரியம்மாக்களுக்கென்று சரோஜா தனியாகக் கொஞ்சம் கட்டி வைத்திருந்தாள்.

கல்யாணம் முடிந்த வாரம் முதலாளி சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். நான் கரட் மேசைக்குப் பின்னால் நின்றேன், அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. சம்பந்தி கண்டியில் வியாபாரம் செய்கிறவர், எதையும் கணக்காகக் கேட்கிறவர். சாக்கில் வந்து இறங்கிய கரட்டைப் பார்த்தார், பெட்டியில் ஏறிக்கொண்டிருந்த கரட்டைப் பார்த்தார். உள்ளே வருவதும் இதுதான், வெளியே போவதும் இதுதான், நடுவில் இத்தனை பேருக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் கையிலிருந்த கரட்டை மேசையில் வைத்தேன். முதலாளி அவர் தோளில் கை போட்டார். ஊருக்கெல்லாம் கேட்கிற குரலில் பதில் சொன்னார். நான் சட்டென்று வெங்காயம் பிரிக்கிற பக்கம் போய் நின்றுகொண்டேன், அங்கே நின்றால் கண்ணைத் துடைப்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவர் சொன்னது இதுதான்:

“உள்ள வர்றப்ப அது வெறும் கரட்டுங்க சம்பந்தி. வெளிய போறப்பத்தான், எங்க போறோம்னு அதுக்கே தெரியும்.”

ஆக, கல்யாண மண்டபம் ஆகியிருக்க வேண்டிய எங்கள் கட்டடத்தில் இப்போது தினமும் அலங்காரமும் வழியனுப்புதலும் தவறாமல் நடக்கின்றன, மாப்பிள்ளை வீட்டாரான வாடிக்கையாளர்கள் மட்டும் இன்றைக்கும் போன் எடுத்து, ஏன் இன்னும் வரவில்லை என்றுதான் திட்டுகிறார்கள்.